நிற்கவும் தெரிய வேண்டும்

1949-ஆம் ஆண்டு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற புதிய நிறுவனம் ஆஸ்டின் ஏ40 கார்களை ஒருங்கிணைத்து விற்கத் தொடங்கியது. பின்னாளில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் வாங்கிய அசோக் லேலண்டின் தொடக்கம் அதுதான். ஏ40 வரிசையின் அன்றைய செடான் காரான டெவனின் பிரேக் அமைப்பு இன்று பார்த்தால் வியப்பாக இருக்கும். முன் சக்கரங்களின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது; பின் சக்கரங்களின் பிரேக் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டது. ஒரே பெடல்தான், ஆனால் அதன் கீழே இரண்டு காலங்களின் தொழில்நுட்பம். கம்பி இழுக்கும் காலம் முடிந்து எண்ணெய் தள்ளும் காலம் தொடங்கிய வாசலில் அந்தக் கார் நின்றது.

அதற்குப் பிறகு வந்த அம்பாசடர், ஃபியட் 1100, பத்மினி, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் பிரேக் வந்துவிட்டது. ஆனால் நான்கும் டிரம் பிரேக். இவற்றில் ஒன்றைப் போற்றி வைத்திருக்கும் யாரும் என்றாவது ஒருநாள் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வியைக் கேட்டே தீர்வார்கள்: “முன்னாடி டிஸ்க் போட்டுடலாமா?” நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கடையில் கிடைக்கும் பாகங்களின் பட்டியல் அல்ல, இயற்பியல்.

வேகம் எங்கே போகிறது?

பிரேக் காரை நிறுத்துகிறது என்கிறோம். உண்மையில் பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: ஓட்டத்தில் இருக்கும் ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதுமான ஆற்றல் அது. பிரேக்கை அழுத்திய நான்கைந்து நொடிக்குள் அத்தனையும் இரும்புக்குள் வெப்பமாக இறங்கியாக வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 40 கி.மீ.யில் போகும் அதே காருக்கு 75 ஆயிரம் ஜூல்கூட இல்லை.

வடசென்னைப் புளியந்தோப்பின் நெரிசலில் 30 கி.மீ.யைத் தாண்டாமல் ஊரும் அம்பாசடருக்கும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே 80-ஐத் தொடும் அதே அம்பாசடருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வண்டி ஒன்றுதான். பிரேக்கின் மேல் விழும் வெப்பம் ஏழு மடங்கு.

பக்கத்தில் ஓடும் வண்டிகளும் மாறிவிட்டன. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்குச் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல டயரும் டிஸ்க்கும் உள்ள புதிய கார், 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 32 மீட்டருக்குள் நின்றுவிடலாம். பராமரிப்பு குறைந்த பழைய காருக்கு 50 மீட்டர் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கோட்டிலிருந்து பிரேக் பிடித்தால், புதிய கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தைப் பழைய கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 48 கி.மீ. இருக்கும். 18 மீட்டர்தானே என்று தோன்றும் இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து இது.

டிரம்மின் திறமையும் பலவீனமும்

டிரம் பிரேக்கை மட்டமானது என்று ஒதுக்குவது சரியல்ல. சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளி, லைனிங்கை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. இங்கே ஒரு நுட்பம் நடக்கிறது. டிரம் சுழலும் திசையிலேயே முனை நீட்டியிருக்கும் ஷூவை, உராய்வே இழுத்து மேலும் இறுக்கமாக அழுத்துகிறது. பிரேக் தன்னைத்தானே பலப்படுத்திக்கொள்கிறது. முன் சக்கரத்தில் இரண்டு ஷூவும் இப்படி முன்னோக்கி இருக்கும்படி அமைத்தால், நாம் கொடுக்கும் விசையைப் போல மூன்று மடங்கு உராய்வு விசை கிடைக்கும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் இரண்டு பேடுகளும் சேர்ந்து, தள்ளிய விசையில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் உராய்வைத் தருகின்றன. பூஸ்டர் இல்லாத காலத்திலும் சாதாரண மனிதரின் காலுக்கு ஒரு டன் காரை நிறுத்தும் வலிமை இருந்ததற்குக் காரணம் டிரம்மின் இந்தக் குணம்தான்.

அதே குணம்தான் அதன் பலவீனமும். சூட்டில் லைனிங்கின் உராய்வுக் கெழு 0.4-லிருந்து 0.3-க்குக் குறைகிறது என்று கொள்வோம். டிஸ்க் தன் பலத்தில் கால் பங்கை இழக்கும். டிரம்மோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கும். ஏனென்றால் உராய்வு குறைந்தால் அது தனக்குத்தானே செய்துகொள்ளும் உதவியும் சேர்ந்து குறைகிறது. இடது டிரம்மில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் கார் வலப்பக்கம் இழுப்பதும் இதே காரணத்தால்தான். சின்ன வித்தியாசத்தையும் டிரம் பெரிதாக்கிக் காட்டுகிறது.

வெப்பம் இன்னொரு வழியிலும் தாக்குகிறது. ஒவ்வொரு முன் டிரம்மும் 6 கிலோ இருந்தால், 80 கி.மீ.யிலிருந்து ஒரு முறை நிற்கும்போது அதன் வெப்பநிலை 35 டிகிரி அளவுக்கு ஏறும். ஒரு முறைக்கு அது பொருட்டல்ல. ஆறவிடாமல் திரும்பத் திரும்ப நிறுத்தினால் இருநூறு முந்நூறு டிகிரி எளிதில் சேர்ந்துவிடும். 9 அங்குல டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் விரிகிறது. ஷூ துரத்திப் பிடிக்க வேண்டிய சுவர் விலகிப் போகிறது. பெடல் கீழே இறங்குகிறது. டிஸ்க் சூட்டில் விரிந்தால் பேடுகளின் பக்கமாகத்தான் தடிக்கும், விலகாது. மூடிய டிரம்முக்குள் வெப்பம் அடைபட்டுக் கிடக்கும்; வெளியே தெரியும் டிஸ்க்கைக் காற்று தொடர்ந்து குளிர்விக்கும்.

வடசென்னைக்காரர்கள் அறிந்த இன்னொரு எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் புளியந்தோப்பையும் வியாசர்பாடியையும் இணைக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவது வழக்கம். சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் போய் வந்த டிரம்முக்குள் நீர் புகுந்து, லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே படலமாக நிற்கும். மேட்டில் ஏறி முதல் முறை பிரேக் மிதித்தால் வண்டி பிடிக்காது. டிஸ்க் தன் சுழற்சியிலேயே நீரை உதறிவிடும். பேடு மிச்சத்தை வழித்துவிடும். டிரம் கார் ஓட்டுபவர் தண்ணீரைக் கடந்ததும் மெதுவாகப் போய், பிரேக்கை லேசாக மிதித்தபடி சற்று தூரம் ஓட்டி, உராய்வின் சூட்டில் ஈரத்தை விரட்ட வேண்டும்.

டிஸ்க் வந்தால் கூடவே வருபவை

டிஸ்க் பிரேக் டிரம்மைவிட இளையது என்று பலர் எண்ணுகிறோம். இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்த ஆண்டும் அதுதான். தகுந்த உராய்வுப் பொருள் கிடைக்காததால் டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-இல் சித்ரோயன் டிஎஸ் தொடர் உற்பத்திக் காரில் அதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பந்தயத்தில் டிஸ்க்குக்கு வெற்றி தந்தது ஒரு முறை பலமாகப் பிடித்தது அல்ல. நூறாவது முறையும் முதல் முறை போலவே பிடித்ததுதான்.

இதை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நன்றாகப் பராமரித்த டிரம் பிரேக்கும் முதல் மிதியிலேயே சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் பூட்டிய பிறகு எல்லை பிரேக்குடையது அல்ல, டயருடையது. எவ்வளவு விலை கொடுத்து டிஸ்க் போட்டாலும் டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்கு மேல் கார் நிற்காது. பத்து ஆண்டு பழசான, காய்ந்து வெடித்த டயரோடு டிஸ்க் போடுவது பணத்தைத் தவறான இடத்தில் செலவழிப்பது.

சரி, டிஸ்க் போடுவது என்று முடிவு செய்துவிட்டால் என்ன நடக்கிறது? பெடலை 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மிதிக்கிறோம். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது. 19 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் அது ஏறத்தாழ 52 பார் அழுத்தமாகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குழாய் முழுவதும் சமமாகப் பரவி, 22 மி.மீ. வீல் சிலிண்டரின் ஒவ்வொரு பிஸ்டனிலும் 200 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசையைத் தருகிறது. டிரம்மின் சுயபலத்தோடு அது போதும். சுயபலம் இல்லாத டிஸ்க்குக்கு அதைப் போல நான்கைந்து மடங்கு தள்ளுவிசை வேண்டும். அதனால் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் 48 மி.மீ. போலப் பெரிதாக இருக்கும்.

பெரிய பிஸ்டனை நகர்த்தக் கூடுதல் எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தராவிட்டால் பெடல் தரை வரை இறங்கும். சரி, 22 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் போடலாம் என்றால், அதே மிதிக்கு அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடும். பெடல் கல்லாக இருக்கும். அதை ஈடுகட்ட வேக்கம் பூஸ்டர் வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள பூஸ்டரின் உதரவிதானத்தின் ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் காற்றுமாக இருந்து 0.6 பார் வித்தியாசம் கிடைத்தாலே, 190 கிலோ எடைக்குச் சமமான உதவி வரும். அந்த வெற்றிடத்தைப் பெட்ரோல் எஞ்சின் தன் உறிஞ்சு குழாயிலிருந்தே கொடுக்கும். டீசல் எஞ்சினில் அது கிடைக்காது. தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். டீசல் அம்பாசடரில் பூஸ்டரை மட்டும் பொருத்திவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வீண்.

இன்னும் முடியவில்லை. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரம்மில் ஷூவைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் பலமானது என்பதால் அந்த மிச்ச அழுத்தம் தொல்லை தராது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. அந்த வால்வை அப்படியே விட்டால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சும்மா ஓடும்போதே சக்கரம் கொதிக்கும்.

கடைசியாக, சமநிலை. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னே சாய்கிறது. முன்னும் பின்னும் 600 கிலோ சமமாகத் தாங்கி நிற்கும் அம்பாசடர் அளவுள்ள காரில், பலமாகப் பிரேக் பிடித்தால் முன் சக்கரங்கள் 800 கிலோவும் பின் சக்கரங்கள் 400 கிலோவும் சுமக்கும். எடை குறைந்த பின் சக்கரம் முதலில் பூட்டிவிட்டால் கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டீயரிங் பயன்படாது, ஆனால் வண்டி நேராகவே போகும். எனவே முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும் என்பது வடிவமைப்பின் அடிப்படை விதி. பின் டிரம்மில் பெரிய வீல் சிலிண்டர் போட்டு “பிரேக்கை ஏத்திக்கலாம்” என்பது இந்த விதியை உடைப்பது.

ஆக, டிஸ்க் என்பது தனியாக வரும் பாகம் அல்ல. காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், ஹப், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், வால்வு, ரிம்முக்குள் இடம் என்று குடும்பத்தோடுதான் வரும். இதனால்தான் வெவ்வேறு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துத் தகடு வெட்டி வெல்டிங் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒரு பலத்த பிரேக்கில் அந்த பிராக்கெட் தாங்க வேண்டிய விசை முக்கால் டன். அம்பாசடரின் பிற்கால வகைகள் முன் சக்கர டிஸ்க்கோடும் பூஸ்டரோடும் வந்தவை. அதே குடும்பத்தின் முழு அமைப்பையும் எடுத்துப் பொருத்துவதே அறிவுக்கு உகந்த வழி. பழைய பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் ஹப்பும் காலிப்பரும் தேடலாம். சீல், ரப்பர் ஓஸ், பேடு மட்டும் புதிதாகவே இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நீர்

டிஸ்க்குக்கு முன்னால் கவனிக்க வேண்டிய ஒன்று பிரேக் ஆயில். தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பயன்படுத்தினார்கள். இன்று நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்த திரவங்கள். அவற்றுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இது 230-இலிருந்து 155. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்காற்று ஓயாத ஊரில், ஓஸின் நுண்துளை வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் நுழைந்தபடியே இருக்கிறது. சூட்டில் அந்த நீர் ஆவியானால் குழாயில் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சாகி, கார் நிற்காமல் போகும். அதே நீர்தான் சிலிண்டரின் உள்ளே துருவையும் உண்டாக்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, புதிது ஊற்றி, ஏர் எடுப்பது எந்த டிஸ்க்கையும்விட மலிவான மேம்பாடு.

அடுத்தது, பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு ஓஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறைகள். ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று பிடிக்கும். அமெரிக்கா 1968-லேயே இதைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. பழைய காரில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், டிஸ்க்கைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். டிஸ்க் ஒரு நல்ல நாளை இன்னும் நல்லதாக்கும். இரட்டைப் பாதை மிக மோசமான நாளில் உயிரைக் காக்கும்.

மெக்கானிக்கின் மூச்சு

பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே கருந்தூள் படிந்திருக்கும். பல பத்தாண்டுகளாக லைனிங்குகள் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து செய்யப்பட்டன. சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதன் நுண்ணிழை மூச்சோடு நுரையீரலுக்குப் போனால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய்க் காரணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. கம்ப்ரசர் காற்றால் டிரம்மை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இந்தத் தூளைப் பட்டறை முழுக்கப் பரப்புகிறது. அங்கே டீ கொண்டுவரும் பையனின் மூச்சிலும் அது போகிறது. ஊதக் கூடாது. நீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கார் உரிமையாளர் கல்நார் இல்லாத லைனிங்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுபவரின் பாதுகாப்புக்காக நடக்கும் வேலை, அதைச் செய்பவரின் உயிரைக் குறைக்கக் கூடாது.

எந்த வரிசையில்?

சென்னை பிரேக் தெரிந்த ஊர். பாடியில் 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கிர்லிங்கும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, லாரிகளின் ஏர் பிரேக்கில் பெயர் பெற்ற சுந்தரம் கிளேட்டன், 1964-இல் வந்த ரானே பிரேக் லைனிங்ஸ் என்று இந்தத் துறையின் முன்னோடிகள் இங்கேதான் வளர்ந்தார்கள். லேத்தில் டிரம்மைக் கடைந்து சீராக்கத் தெரிந்த கைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆகவே குறை திறமையில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. டிஸ்க் கடைசியில் வர வேண்டியது. நாம் அதை முதலில் கேட்கிறோம்.

முதலில் டயர். அடுத்து பிரேக் ஆயில், ஓஸ், துருப்பிடித்த குழாய்கள், வீல் சிலிண்டர் சீல்கள். பிறகு டிரம்: வட்டம் கெட்டிருந்தால் கடையலாம், ஆனால் பொதுவாக விட்டத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் கூடினால் அதைத் தூக்கிப்போட வேண்டும், ஏனென்றால் மெலிந்த இரும்பு வெப்பத்தைத் தாங்காது. ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு முழுதாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தொடும் ஷூவுக்குப் பாதி வேலைதான் வரும். பிறகு இரட்டை மாஸ்டர் சிலிண்டர். இத்தனையும் செய்து ஓட்டிப் பார்த்தால், நகருக்குள் ஓடும் பழைய காருக்கு இதுவே போதும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள், மலையேறுகிறவர்கள், எஞ்சினைப் பலமானதாக மாற்றியவர்கள் ஆகியோருக்குத்தான் டிஸ்க் அவசியமாகிறது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டிகள் ‘வி.ஏ.’ வரிசை எண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம். அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. எனவே எதையும் வெட்டி மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய மூலப் பாகங்களைப் பத்திரமாக எடுத்து வைப்பது அதைவிட நல்லது.

வேலை முடிந்ததும் புதிய லைனிங்கோ பேடோ இரும்போடு பழக வேண்டும். ஆள் நடமாட்டமற்ற இடத்தில் மிதமான வேகத்திலிருந்து பல முறை மெதுவாகப் பிரேக் பிடித்து, நடுநடுவே ஆறவிட வேண்டும். பிறகு ஒரு நேர்கோட்டில் சற்றுப் பலமாகப் பிடித்து, கார் எந்தப் பக்கமாவது இழுக்கிறதா, பின்சக்கரம் முந்திப் பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகும் உரிமை நமக்கு இல்லை. பழைய காரைக் காப்பாற்றுவது ஒரு ஊரின் தொழில் நினைவைக் காப்பாற்றும் நல்ல செயல். சைக்கிளில் போகிறவரும் சாலையைக் கடக்கும் குழந்தையும் அதற்கு விலை கொடுக்காதவரைதான் அது நல்ல செயல்.